எந்த அதிபர் எவ்வளவு கடன் வைத்தார்? அமெரிக்கக் கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நண்பர் வட்டத்தில் சனிக்கிழமை இரவு கூடினால், சாப்பாடு முடிவதற்குள் ரீகனா கிளிண்டனா என்று தொடங்கிவிடும். ஒருவர் "ஒபாமா கடனை இரட்டிப்பாக்கினார்" என்பார். இன்னொருவர் "டிரம்ப் நாலே வருஷத்தில் எட்டு லட்சம் கோடி ஏற்றினார்" என்பார். இரண்டு எண்ணும் ஏறத்தாழ சரிதான். அவற்றை வைத்து அவர்கள் சொல்லும் தீர்ப்புதான் தேறாது. அந்த வாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எனக்குப் பட்ட பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். அமெரிக்கச் செய்திகளில் வரும் டிரில்லியனை லட்சம் கோடி என்றே எழுதியிருக்கிறேன், இரண்டும் ஒன்றுதான்.

பற்றாக்குறையும் கடனும் ஒன்றா?

இல்லை. ஒரு வருடத்தில் வரவை மீறிப் போன செலவு பற்றாக்குறை. அது வருடா வருடம் சேர்ந்து நிற்பது கடன். "பற்றாக்குறையைப் பாதியாக்கினேன்" என்று ஓர் அதிபர் சொன்னால், கடன் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். கடன் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மேடையில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவதில் இரு கட்சிகளுக்கும் சமபங்கு உண்டு.

பதவியேற்ற நாள் கடன், இறங்கிய நாள் கடன். கழித்துப் பார்த்தால் கணக்கு முடிந்ததே?

கழித்துப் பார்க்கலாம். இளைய புஷ் வரும்போது சுமார் 5.7 லட்சம் கோடி டாலர், போகும்போது 10.6. ஒபாமா போகும்போது 19.9. டிரம்ப் முதல் முறை இறங்கும்போது 27.8. பைடன் இறங்கும்போது 36.2.

இதில் முதல் சிக்கல் நாட்காட்டி. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது, புது அதிபரோ ஜனவரி 20 அன்றுதான் பதவியேற்கிறார். அதாவது, அவர் உள்ளே நுழையும்போது முந்தையவர் சமைத்து வைத்த சாப்பாடுதான் இன்னும் எட்டு மாதத்துக்கு.

2009 நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை 1.41 லட்சம் கோடி டாலர். "ஒபாமாவின் முதல் வருடம்" என்று இதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். அந்த நிதியாண்டு 2008 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. அதே மாதம் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை செலவிட அனுமதிக்கும் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டார். ஒபாமா பதவியேற்பதற்கு முன்பே, 2009 ஜனவரி முதல் வாரத்தில், நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் அந்த வருடப் பற்றாக்குறை 1.2 லட்சம் கோடியைத் தொடும் என்று சொல்லிவிட்டது. பிப்ரவரியில் ஒபாமா போட்ட 78,700 கோடி ஊக்கத் திட்டத்தில் ஒரு பகுதிதான் அந்த வருடத்தில் செலவானது.

இரண்டாவது சிக்கல், டாலர் எண்ணை அப்படியே ஒப்பிடுவது. 1981-இல் ஒரு லட்சம் கோடி என்பது நாட்டின் ஆண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு. இன்று அது முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஒரே எண்தான், கனம் வேறு.

சரி, செலவைத் தீர்மானிப்பது அதிபர்தானே?

பணப்பெட்டிச் சாவி அரசியல் சாசனப்படி காங்கிரஸிடம், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அதிபர் பட்ஜெட் என்று ஒன்றை அனுப்புவார், அதை அவர்கள் அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எழுதுவதும் நடக்கும். மொத்தச் செலவில் சுமார் 60 சதவீதம் முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்குப் பழைய சட்டங்களின்படி தானாகவே போய்விடுகிறது. அதற்கு ஆண்டுதோறும் ஓட்டுப் போடுவதுகூட இல்லை. அப்புறம் வட்டி. மிச்சம் இருக்கும் கால் பங்கில்தான் ராணுவம் உட்பட எல்லாச் சண்டையும்.

இதனால் அதிபருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கையெழுத்திட்ட வரிச் சட்டங்களும் செலவுச் சட்டங்களும் அவர் பேரில்தான் இருக்கின்றன. அதனால்தான் மொத்தத் தொகையை விட்டுவிட்டுக் கையெழுத்துகளைப் பாருங்கள் என்கிறேன்.

ரீகன் பொருளாதாரத்தை மீட்டாரா, கடனாளி ஆக்கினாரா?

இரண்டும்.

1980-இல் விலைவாசி சராசரியாக 13.5 சதவீதம் ஏறியது. 1983-இல் அது 3.2-க்கு இறங்கியது. இதற்கான பாராட்டில் பெரும்பங்கு ஃபெடரல் ரிசர்வ், அதாவது அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கருக்குப் போகவேண்டும். அவரை நியமித்தவர் ரீகனுக்கு முந்தைய அதிபர் கார்ட்டர். வோல்க்கர் வட்டியை 20 சதவீதத்துக்கு அருகே ஏற்றினார். வீட்டுக் கடன் வட்டி 1981 அக்டோபரில் 18 சதவீதத்தைத் தாண்டியது. 1982 கடைசியில் வேலையில்லாதோர் 10.8 சதவீதம். அந்தக் கசப்பு மருந்தைக் கொடுத்தவர் வோல்க்கர், அதைப் பொறுத்துக்கொண்டு அவரைத் தடுக்காமல் இருந்தவர் ரீகன். அந்தப் பொறுமைக்கு ரீகனுக்கு மதிப்பெண் தரலாம்.

கடன் பக்கம் கதை வேறு. வருமான வரியின் உச்ச விகிதம் 70 சதவீதத்திலிருந்து முதலில் 50, பிறகு 28 என்று இறங்கியது. ராணுவச் செலவு ஏறியது. மற்ற செலவுகளைக் குறைப்போம் என்ற வாக்குறுதி பாதிக்கு மேல் காகிதத்தில் நின்றுவிட்டது. சுமார் 93,000 கோடி டாலராக இருந்த கடன் எட்டு வருடத்தில் ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி ஆனது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போரும் பெருமந்தமும் இல்லாத காலத்தில் அப்படி ஏறியது அதற்கு முன் அவர்கள் பார்க்காத ஒன்று.

ரீகனை வழிபடும் நண்பர்களிடம் நான் நினைவூட்டுவது ஒன்று உண்டு: 1981-இல் வரியைக் குறைத்தவர், பற்றாக்குறையைப் பார்த்துப் பதறி 1982-இல் திரும்ப ஏற்றினார், 1984-இலும் ஏற்றினார். அதே 1984 தேர்தலில் எதிர்த்து நின்ற மாண்டேல், "யார் வந்தாலும் வரி ஏறத்தான் போகிறது, நான் அதை வெளிப்படையாகச் சொல்கிறேன்" என்ற பொருளில் பேசினார். 50 மாநிலங்களில் 49-இல் தோற்றார். அதற்குப் பிறகு எந்த வேட்பாளரும் அந்த மாதிரி உண்மை பேசும் விஷப்பரீட்சையில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை.

மூத்த புஷ்ஷை ஏன் யாரும் பேசுவதே இல்லை?

பேசவேண்டும். "புதிய வரி கிடையாது, என் உதட்டைப் பாருங்கள்" என்று 1988-இல் சத்தியம் செய்தார். 1990-இல் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து வரியை ஏற்றினார். புதுச் செலவு வந்தால் அதற்கான பணத்தையும் காட்டவேண்டும் என்ற விதியும் அந்த உடன்பாட்டில்தான் வந்தது. கிளிண்டன் காலத்து உபரிக்கு அடித்தளம் போட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. கூலியாகக் கிடைத்தது 1992 தோல்வி. அந்தத் தேர்தலில் ராஸ் பெரோ என்ற பணக்காரர் தொலைக்காட்சியில் நேரம் வாங்கி, வரைபடங்களைக் காட்டிப் பற்றாக்குறையைப் பாடம் எடுத்தார். சுமார் 19 சதவீத ஓட்டு வாங்கினார். கடனைப் பற்றிப் பேசி அவ்வளவு ஓட்டா என்று இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

கிளிண்டன் காலத்து உபரி நிஜமா? கடன் அப்போதும் ஏறியது என்கிறார்களே?

நிஜம்தான். 1998-இல் சுமார் 6,900 கோடி டாலர், 1999-இல் 12,600 கோடி, 2000-இல் 23,600 கோடி என்று மிச்சம் வந்தது. 2001 நிதியாண்டிலும் மிச்சம். அதற்கு முன் கடைசியாக உபரி வந்த வருடம் 1969.

"கடன் ஏறியது" என்ற எதிர்வாதமும் பொய்யல்ல. ஓய்வூதிய நிதியில் வந்து சேரும் மிகைப் பணத்தை அரசு தனக்குத்தானே கடனாக எழுதிக்கொள்கிறது. இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவது போல. அதையும் சேர்த்தால் மொத்தக் கடன் கொஞ்சம் ஏறியதாகத் தெரியும். வெளியாரிடம், அதாவது அரசுக்கு வெளியே இருப்பவர்களிடம், பட்ட கடன் மட்டும் என்றால் உண்மையிலேயே இறங்கியது. இரண்டு பேரும் வேறு வேறு பையை எண்ணிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

உபரிக்கு யார் காரணம் என்றால் பட்டியல் நீளம். 1993-இல் கிளிண்டன் வரியை ஏற்றிய சட்டத்துக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. பிரதிநிதிகள் சபையில் 218க்கு 216 என்று தப்பியது. செனட்டில் சமநிலை வந்து துணை அதிபர் கோர் ஓட்டுப் போட்டு நிறைவேறியது. மார்ஜரி மார்கோலிஸ் மெஸ்வின்ஸ்கி என்ற பென்சில்வேனியா உறுப்பினர் கடைசி நேரத்தில் ஆதரித்தபோது எதிர்வரிசைக்காரர்கள் "பை பை மார்ஜரி" என்று கோஷமிட்டார்கள். சொன்னது போலவே அடுத்த தேர்தலில் அவர் பதவி போயிற்று. 1995 முதல் கிங்ரிச் தலைமையில் சபையைப் பிடித்த குடியரசுக் கட்சி செலவுக்குக் கடிவாளம் போட்டது. பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேல் பங்குச் சந்தை. இணைய நிறுவனப் பங்குகள் பறந்தன, விற்றவர்கள் லாபத்துக்கு வரி கட்டினார்கள், கஜானா நிரம்பியது. அந்தக் குமிழி எந்த அதிபரின் சாதனையும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் விருந்துகளில் யாரும் எடுப்பதில்லை. ஒருவர் செலவு இன்னொருவர் வரவு. அரசு, உள்நாட்டுத் தனியார், வெளிநாடு என்று மூன்று பேரின் மிச்சத்தையும் பற்றையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். வெளிநாட்டு வணிகத்தில் அமெரிக்கா ஏற்கனவே பற்றாக்குறையில் இருந்தது. அரசும் மிச்சம் பிடித்தால், குடும்பங்களும் நிறுவனங்களும் சேர்ந்து சம்பாதித்ததைவிட அதிகம் செலவழித்திருக்க வேண்டும். அப்படித்தான் நடந்தது. குடும்பங்களின் சேமிப்பு மெலிந்து கார்டுக் கடனும் வீட்டுக் கடனும் ஏறின. அரசின் புத்தகம் சுத்தமான அதே வருடங்களில் வீட்டுப் புத்தகம் கறுத்தது. கிளிண்டனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் உபரியைக் கொண்டாடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டவேண்டும்.

அந்த உபரி எங்கே போயிற்று?

2001 ஜனவரியில் பட்ஜெட் அலுவலகம் அடுத்த பத்து வருடத்தில் 5.6 லட்சம் கோடி டாலர் மிச்சம் வரும் என்று மதிப்பிட்டது. கடன் சீக்கிரம் அடைந்துவிட்டால் அரசு அந்தப் பணத்தை என்ன செய்யும் என்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் கிரீன்ஸ்பான் கவலைப்பட்டார். கேட்க வேடிக்கையாக இருக்கலாம், அதிகாரபூர்வமாகவே அப்படிப் பேசினார்கள். அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் 30 வருடப் பத்திரத்தையே 2001 அக்டோபரில் நிறுத்தினார்கள். 2006-இல் மறுபடி விற்க ஆரம்பித்தார்கள்.

இடையில் நடந்தது: பங்குக் குமிழி உடைந்தது. இளைய புஷ் 2001-இலும் 2003-இலும் வரியைக் குறைத்தார். ஆப்கானிஸ்தான், இராக் என்று இரண்டு போர், அவற்றுக்குத் தனி வரி போடாமல். முதியோர் மருந்துச் செலவுக்குப் புதுத் திட்டம், அதற்கும் பணம் ஒதுக்காமல். அவர் காலத்தின் ஆரம்பத்தில் சரிந்த பொருளாதாரம் அவர் தவறல்ல. போர்க்காலத்தில் வரியைக் குறைத்தது அவருடைய முடிவு. அதைத்தான் அவர் பெயரில் எழுதுவேன்.

ஒபாமா கடனை இரட்டிப்பாக்கினாரா?

எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஆம். அதே ஒபாமா காலத்தில்தான் ஆண்டுப் பற்றாக்குறை 1.41 லட்சம் கோடியிலிருந்து 2015-இல் சுமார் 44,000 கோடிக்கு இறங்கியது. பாதி மீட்சியால், பாதி 2011-இல் கடன் உச்சவரம்பை (அரசு எவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்ற சட்ட வரம்பு) வைத்துக் குடியரசுக் கட்சி கழுத்தைப் பிடித்து வாங்கிய செலவுக் குறைப்பால். அந்த இழுபறியில்தான் கடன் நம்பகத்தன்மையை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் முதல்தர மதிப்பீட்டை முதன்முறையாகக் குறைத்தது. புஷ்ஷின் வரிக் குறைப்புகளில் பெரும்பகுதியை 2013-இல் நிரந்தரமாக்கிக் கையெழுத்திட்டவரும் ஒபாமாதான். அவர் ஆதரவாளர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

டிரம்ப், பைடன்?

எட்டு வருடத்தில் கடனை ஒழிப்பேன் என்று 2016-இல் டிரம்ப் சொன்னார். 2017 டிசம்பரில் நிறுவன வரி 35-லிருந்து 21 சதவீதமாக இறங்கியது. 2019 பற்றாக்குறை 98,400 கோடி டாலர். வேலையில்லாதோர் 3.5 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்த நல்ல காலத்தில் பற்றாக்குறை ஏறியது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. நல்ல மழை பெய்த வருடத்தில் விதை நெல்லை விற்பது போல.

அப்புறம் கொரோனா. 2020-இல் 3.1 லட்சம் கோடி, 2021-இல் 2.8 லட்சம் கோடி பற்றாக்குறை. மக்களுக்கு அனுப்பிய முதல் 1,200 டாலர் நிவாரணக் காசோலைகளில் டிரம்ப் பெயர் அச்சாகி வந்தது, 1,400 டாலர் பைடன் காலத்தில் வந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் எத்தனை வீடு ஏலத்துக்குப் போயிருக்கும் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். பைடனின் 1.9 லட்சம் கோடி நிவாரணத் திட்டம் 2021 மார்ச்சில், மீட்சி தொடங்கிய பிறகு வந்தது. அது அளவுக்கு அதிகம் என்பது என் கருத்து. 2022 ஜூனில் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டதில் அதற்கும் பங்கு உண்டு, உலகம் முழுக்க இருந்த தட்டுப்பாட்டுக்கும் உக்ரைன் போருக்கும் பங்கு உண்டு. கொரோனா ஓய்ந்த பிறகும், 2024-இல் 1.8 லட்சம் கோடி பற்றாக்குறை. மந்தம் இல்லை, பெரும்போர் இல்லை, இருந்தும் அவ்வளவு. 2025 ஜூலையில் டிரம்ப் மறுபடி வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது பத்து வருடத்தில் 3.4 லட்சம் கோடி கூட்டும் என்பது பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு.

வீட்டுக் கணக்கு மாதிரிதானே நாட்டுக் கணக்கும்? வருமானத்துக்குள் வாழவேண்டாமா?

குடும்பங்கள் இடுப்புப் பட்டையை இறுக்குகின்றன, அரசும் இறுக்கவேண்டும் என்று ஒபாமாவே 2010-இல் பேசினார். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. குடும்பத் தலைவருக்கு வயதாகும், வேலை போகும், ஒருநாள் கண்ணை மூடுவார். அதனால் அவர் கடனை அடைத்தாகவேண்டும். அரசுக்கு ஓய்வு வயது இல்லை, கடன் இருப்பதும் அதன் சொந்த நாணயத்தில். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வெளியாரிடம் இருந்த கடன் நாட்டு உற்பத்தியில் 106 சதவீதம். 1974-இல் 23 சதவீதம். இடையில் யாரும் உட்கார்ந்து அந்தக் கடனை அடைக்கவில்லை. பொருளாதாரம் வளர்ந்ததிலும் விலைவாசி ஏறியதிலும் கடன் சிறுத்துப் போயிற்று.

முழுக்க அடைத்த அதிபர் ஒருவர் உண்டு. ஆண்ட்ரூ ஜாக்சன், 1835 ஜனவரி. இரண்டே வருடத்தில் 1837 நெருக்கடி வந்து வங்கிகள் கவிழ்ந்தன. கடனை அடைத்ததால் வந்தது என்று சொன்னால் மிகை, அடைத்தும் அதைத் தடுக்க முடியவில்லை என்பது நிச்சயம். மந்தத்தில் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1937 சாட்சி. ரூஸ்வெல்ட் செலவைச் சுருக்கினார், ஃபெடரல் ரிசர்வும் பணத்தை இறுக்கியது, ஆறிவந்த புண் மறுபடி பிளந்தது.

இதையெல்லாம் சொன்னால் "அப்போ எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமா?" என்பார்கள். இல்லை. வட்டி நிஜம். 2020-இல் சுமார் 34,500 கோடி டாலராக இருந்த நிகர வட்டி 2024-இல் 88,000 கோடி ஆகி ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது. வட்டி பூஜ்யத்துக்கு அருகே கிடந்தபோது விற்ற பத்திரங்கள் முதிர முதிர, அவற்றைப் புது வட்டியில் புதுப்பிக்கிறார்கள்.

எல்லாம் சீனாவிடம் வாங்கிய கடன்தானே?

வெளிநாட்டார் எல்லாரும் சேர்ந்தே மொத்தத்தில் கால் பங்கு அளவுதான். அதில் முதலிடம் ஜப்பான். 2013 வாக்கில் 1.3 லட்சம் கோடி வைத்திருந்த சீனா குறைத்துக்கொண்டே வருகிறது. மீதி எல்லாம் அமெரிக்க ஓய்வூதிய நிதிகள், வங்கிகள், ஃபெடரல் ரிசர்வ், சாதாரண மக்கள்.

இதற்கும் என் கிரெடிட் கார்டு வட்டிக்கும் என்ன தொடர்பு?

நேரடியாகக் கேட்டால், பற்றாக்குறையைவிட இந்தப் பகுதிதான் முக்கியம். அதிபர்களைப் பற்றிய வாதத்தில் வராத கையெழுத்துகள் இங்கேதான் இருக்கின்றன.

முதல் முடிவை எடுத்தது எந்த அதிபரும் இல்லை, உச்ச நீதிமன்றம். 1978-இல் மார்க்கெட் (Marquette) என்ற வங்கியின் வழக்கில், ஒரு தேசிய வங்கி தன் சொந்த மாநிலம் அனுமதிக்கும் வட்டியை மற்ற மாநில வாடிக்கையாளர்களிடமும் வாங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. நியூயார்க்கில் வட்டிக்கு உச்சவரம்பு இருந்தது. தெற்கு டகோட்டா மாநிலம் வரம்பை நீக்கியது. சிட்டி வங்கி தன் கார்டுப் பிரிவைத் தூக்கிக்கொண்டு 1981-இல் அங்கே குடிபெயர்ந்தது. டெலவேரும் அதே வழியில் கதவைத் திறந்தது. ஐம்பது மாநிலத்துக்கும் வட்டியை இரண்டு சின்ன மாநிலங்கள் நிர்ணயித்த கதை இதுதான். கந்துவட்டிக்குச் சட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு, வரம்பே இல்லை என்பது முதலில் உறைக்காது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் "குறைந்தபட்சத் தொகை" என்று போட்டிருந்ததை மட்டும் எட்டு மாதம் கட்டிவிட்டு, பாக்கி ஏன் அசையவில்லை என்று வாடிக்கையாளர் சேவையை அழைத்தவன் நான்.

அடுத்தது 1986, ரீகனின் வரிச் சீர்திருத்தம். அதற்கு முன் கார்டு வட்டி, கார் கடன் வட்டி எல்லாவற்றுக்கும் வருமான வரியில் கழிவு உண்டு. அதைப் படிப்படியாக எடுத்துவிட்டு, வீட்டுக் கடன் வட்டிக்கு மட்டும் வைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் கடனைக் குறைக்க நினைத்திருக்கலாம். மக்களோ வீட்டை அடமானம் வைத்து இரண்டாவது கடன் வாங்கிக் கார்டையும் காரையும் அடைக்கக் கற்றுக்கொண்டார்கள். வங்கிகளும் அதையே விளம்பரம் செய்தன. அதுவரை கார்டுக் கடன் கட்டாவிட்டால் கடன்காரன் போனில் கத்துவான், இப்போது வீடே போகும். 2008-இல் வீட்டு விலை சரிந்தபோது இது எவ்வளவு பேரைச் சுட்டது என்பது தெரிந்த கதை. அந்த வருடம் அமெரிக்கக் குடும்பங்களின் கடன் 12.7 லட்சம் கோடி டாலர் வரை போய், பிறகு சில வருடம் இறங்கியது. இறங்கியதில் ஒரு பங்கு அடைத்ததால், ஒரு பங்கு வங்கி வீட்டைப் பிடுங்கிக் கணக்கை மூடியதால்.

2005-இல் இளைய புஷ் கையெழுத்திட்ட திவால் சட்டம், கடனில் மூழ்கியவர்கள் கையைக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைக் கடினமாக்கியது. ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களில் டெலவேர் செனட்டர் ஜோ பைடனும் ஒருவர். அப்போது பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரன் எதிர்த்தார். அந்த வாக்கெடுப்பு பதினைந்து வருடம் கழித்து அதிபர் தேர்தலில் பைடனைத் துரத்தியது.

2009-இல் ஒபாமாவின் கார்டுச் சட்டம். வட்டியை ஏற்ற 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பழைய பாக்கிக்கு இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகும் என்று பில்லிலேயே அச்சிட வேண்டும். நான் எட்டு மாதம் ஏமாந்தது இந்தச் சட்டத்துக்கு முந்தைய காலத்தில். வட்டிக்கு வரம்பு மட்டும் அந்தச் சட்டத்திலும் இல்லை. இப்போது சராசரிக் கார்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல், கார்டுக் கடன் மட்டும் 1.2 லட்சம் கோடிக்கு மேல், குடும்பங்களின் மொத்தக் கடன் 18 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

படிப்புக் கடன் மட்டும் ஏன் திவாலிலும் தீராது?

1970-களில் ஐந்து வருடம் காத்திருந்தால் தீரும் என்று இருந்தது. பிறகு ஏழு ஆனது. 1998-இல், கிளிண்டன் காலத்தில், அரசு தந்த கடனுக்கு அந்த வழியே அடைபட்டது. 2005 சட்டம் தனியார் படிப்புக் கடனையும் சேர்த்தது. தாங்கமுடியாத கஷ்டம் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே விடுதலை. பைடனின் 10,000 முதல் 20,000 டாலர் தள்ளுபடித் திட்டத்தை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஏற்கனவே இருந்த திட்டங்களின் வழியாக 50 லட்சம் பேருக்கு மேல் கடன் தள்ளுபடி பெற்றார்கள், அது செய்தியில் அவ்வளவாக வரவில்லை. கல்விக் கடன் வாங்கி வரும் நம்மூர் மாணவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவர்கள் கடன் ஊர் வங்கியில், பெரும்பாலும் அப்பாவின் கையெழுத்தில்.

கடைசியில், எந்தக் கட்சி ஆட்சியில் பொருளாதாரம் நன்றாக இருந்தது?

பிரின்ஸ்டனின் பிளைண்டர், வாட்சன் இருவரும் ட்ரூமன் முதல் ஒபாமாவின் முதல் ஆட்சி வரை அலசினார்கள். ஜனநாயகக் கட்சி அதிபர்கள் காலத்தில் வளர்ச்சி ஆண்டுக்கு 1.8 சதவீதப் புள்ளி அதிகம். பிளைண்டர் கிளிண்டனுக்கு ஆலோசகராக இருந்தவர் என்பதால் சந்தேகப்படுவீர்கள். ஆனால் காரணம் தேடியபோது அவர்கள் கண்டது எண்ணெய் விலை, உற்பத்தித் திறன், வெளிநாட்டு நிலவரம் ஆகியவற்றைத்தான். வரி, செலவுக் கொள்கைக்குப் பெரிய பங்கு இல்லை என்றார்கள். இந்த இரண்டாவது பாதியை விருந்தில் சொன்னால் இரண்டு பக்கமும் முறைக்கிறார்கள்.

நியூயார்க்கில் கடன் எண் ஓடும் பலகை ஒன்று உண்டாமே?

உண்டு. சேமூர் டர்ஸ்ட் என்ற கட்டட முதலாளி 1989-இல் சொந்தச் செலவில் வைத்தார். நாட்டின் கடன் மேலே ஓடும், கீழே "உங்கள் குடும்பத்தின் பங்கு" என்று இன்னொரு எண். 2000 செப்டம்பரில் கடன் இறங்க ஆரம்பித்ததால் அதை அணைத்துத் திரை போட்டு மூடினார்கள். 2002-இல் திரையை எடுத்தார்கள். 2008-இல் 10 லட்சம் கோடி தாண்டியபோது இடம் போதாமல், டாலர் குறி இருந்த கட்டத்தில் இலக்கத்தைப் போட்டுச் சமாளித்தார்கள்.

ஊரிலிருந்து வந்த மாமாவை ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். குடும்பப் பங்கைப் பார்த்துவிட்டு, "இதை யாரிடம் கட்டுவது?" என்று கேட்டார். யாரும் கேட்டு வரமாட்டார்கள் மாமா என்றேன். "அப்போ உன் கார்டு பாக்கி?" என்றார். அதற்கு 19-ஆம் தேதி கெடு இருந்தது.